வாடகைக் கடையும் அடியார் ஹக்கும்

கடைவீதியில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. காலையில் கடையைத் திறந்தவர் பிஸ்மி சொல்லிக் கல்லாவைத் தொடுகிறார். சுவரில் ஆயத்துல் குர்ஸி சட்டம் போட்டுத் தொங்குகிறது. லுஹருக்குப் பாங்கு சொன்னதும் பின்னறையில் முஸல்லா விரிகிறது. வெளியூர் மதரஸாவின் ரசீதுப் புத்தகத்தோடு வருபவரை அவர் ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆனால் கடை அவருடையதன்று; வாடகைக் கடை. ஒப்பந்தத் தவணை முடிந்து பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. கட்டடத்துக்காரர் மவுத்தாகி ஒன்பது ஆண்டுகள். "தம்பி, கடையைக் காலி செய்து கொடுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரர் கொடுக்கிற வாடகையையாவது கொடுங்கள்" என்று அவருடைய விதவை ஆள் மேல் ஆள் அனுப்பி அலுத்துப் போனார். கடைக்காரரோ கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பின்னறையில் தொழுகிற தொழுகையின் நிலை என்ன? இந்தக் கேள்வியை நம்மிடம் கொண்டுவந்தவர் அந்த விதவை அல்லர். கடைக்காரரின் மூத்த மகன். "அத்தா தொழுகையாளி, ஹஜ்ஜும் செய்தவர். அவரிடம் இதை நான் எப்படிப் பேசுவது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். இந்த ஒரு கடையோடு முடிகிற விஷயமாக இது இருந்தால் எழுத வேண்டியதில்லை. நம் ஊர்களில் கடை வாடகையைப் பற்றிய வழக்கு இல்லாத ஜமாஅத்தைக் காண்பது அரிதாகிவிட்டது.

வாடகைக்கு ஷரீஅத்தில் இஜாரா என்று பெயர். பொருளை விற்காமல் பொருளின் பயனை விற்பது அது. கட்டடம் சொந்தக்காரரிடமே இருக்கிறது. அதில் அமர்ந்து வியாபாரம் செய்யும் பயனைக் குறித்த காலத்துக்குக் குறித்த தொகைக்கு வாடகைதாரர் வாங்கியிருக்கிறார். அரிசி வாங்குகிறவர் எத்தனை படி என்று கேட்டு வாங்குகிறார் அல்லவா? பயனை வாங்குகிறவர் எத்தனை மாதம் என்று கேட்டு வாங்க வேண்டும். பத்துப் படிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பதினோராவது படியையும் சாக்கில் கொட்டிக்கொள்பவரை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையை அல்லாஹ் ஸூரத்துல் கஸஸில் 27, 28 ஆகிய ஆயத்துகளில் எடுத்துச் சொல்கிறான். எட்டு ஆண்டுகள் கட்டாயம். பத்தாக நிறைவு செய்தால் அது அவர்களுடைய உபகாரம். எது கடமை, எது தயவு என்பது முதல் நாளே பிரித்துப் பேசப்பட்டு, அதற்கு அல்லாஹ்வே பொறுப்பாளன் என்று சொல்லப்படுகிறது. நம் வாடகை ஒப்பந்தங்களில் இந்த இரண்டும் கலந்துகிடப்பதால்தான் பாதி வழக்குகள் பிறக்கின்றன. "பெரியவர் இருந்தவரை ஒன்றும் சொல்லவில்லையே" என்பார் வாடகைதாரர். பெரியவர் காட்டிய தயவை அவர் பிள்ளைகளின் கடமையாக்கிவிடுகிறார்.

ஸூரத்துல் மாயிதாவின் முதல் ஆயத்தே ஈமான் கொண்டோரை அழைத்து ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஏவுகிறது. ஒளுவைப் பற்றிய ஆயத்து அதே ஸூராவில் ஆறாவதாக வருகிறது. ஒளுவில் முழங்கையில் ஓர் இடம் நனையாமல் விட்டால் பதறுகிற நாம், முதல் ஆயத்தை வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.

இனி மகனின் கேள்விக்கு வருவோம். வாடகைதாரரின் கையை பிக்ஹு நூல்கள் அமானிதக் கை என்கின்றன. தவணை இருக்கும் வரை கட்டடம் அவரிடம் அமானிதம். தவணை முடிந்து, உடையவர் திரும்பக் கேட்டு, தக்க காரணமின்றி இவர் மறுத்தால் அந்தக் கை மாறிவிடுகிறது. அமானிதக் கை கஸ்புக் கையாகிறது. அதாவது அபகரித்தவரின் கை. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் வளையமாக மாட்டப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

அதை அறிவித்த ஸஹாபி ஸயீது பின் ஸைது (ரலி) அவர்கள். சுவனத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பதின்மரில் ஒருவர். அவர்கள்மீதே ஒரு நில வழக்கு வந்தது. உவைஸின் மகள் அர்வா என்பவர், தம் நிலத்தில் ஒரு பகுதியை ஸயீது எடுத்துக்கொண்டார் என்று மதீனாவில் அதிகாரத்திலிருந்த மர்வானிடம் முறையிட்டார். இந்த எச்சரிக்கையைக் காதால் கேட்ட பிறகு நான் அப்படிச் செய்வேனா என்று கேட்டுவிட்டு, அவர்கள் அந்த நிலத்தையே விட்டுக்கொடுத்தார்கள். அவள் பொய் சொல்லியிருந்தால் அவளுடைய பார்வையைப் போக்குவாயாக என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அந்தப் பெண் பார்வை இழந்து, தாம் வழக்காடிப் பெற்ற இடத்திலேயே ஒரு கிணற்றில் விழுந்து இறந்ததாக முஸ்லிமின் அறிவிப்பு கூறுகிறது. அந்த வழக்கில் வென்றவர் அர்வாதான் என்பதை மறக்கக் கூடாது.

"கோர்ட்டு எனக்குச் சாதகமாக இருக்கிறதே!" கடைக்காரர்கள் பலரும் சொல்லும் பதில் இது. வழக்காட வருபவர்களில் ஒருவர் மற்றவரைவிடப் பேச்சில் வல்லவராக இருக்கலாம், தாம் கேட்டதை வைத்தே தீர்ப்புச் சொல்வதாகவும், ஒருவருடைய ஹக்கை இன்னொருவருக்குத் தீர்த்துக் கொடுத்துவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டுதான் என்றும் நபி (ஸல்) அவர்கள் உம்மு ஸலமா (ரலி) வழியாக வந்த ஹதீஸில் சொல்லியிருக்கிறார்கள். வஹீ இறங்கிய நபியின் தீர்ப்பாலேயே ஹராம் ஹலாலாவதில்லை என்றால், வாய்தாவால் ஆகிவிடுமா? அல்பகரா 188ஆம் ஆயத்து, அதிகாரிகளிடம் வழக்கைக் கொண்டுபோய்ப் பிறர் பொருளை உண்பதைப் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. தவணை முடிந்தாலும் சட்டம் சொல்லும் காரணம் ஒன்றை நிரூபிக்காமல் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது என்பது அதன் சாரம். பேராசை பிடித்த கட்டடக்காரர்களிடமிருந்து ஏழைகளைக் காக்க வந்த சட்டம் அது. நெருக்கடிக் காலத்தில் ஆட்சியாளர் விலைக்கு வரம்பு விதிக்கலாம் என்று சொன்ன இமாம்களும் உண்டு. ஆகவே அதன் நிழலில் ஒதுங்கிய எளியவரை நாம் குறை சொல்ல மாட்டோம். மூன்று ஊரில் மூன்று கடை வைத்துக்கொண்டு, ஒரு விதவையின் கடையை மட்டும் விடாமல் பிடித்திருப்பவருக்கு அந்த நிழல் எதற்கு? அந்தச் சட்டமும் இப்போது இல்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை நீக்கிவிட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும், தவணை முடிந்தும் விடாதவர் இரட்டை வாடகை தர வேண்டும் என்கிறது அது. காலி செய்ய உத்தரவான பிறகு அப்பீல் காலத்தில் இருப்பவர் பழைய வாடகையைக் காட்டித் தப்ப முடியாது, அந்த இடம் சந்தையில் பெறக்கூடிய தொகையைக் கொடுக்க நேரும் என்று உச்ச நீதிமன்றமும் 2004 டிசம்பரில் ஒரு வழக்கில் சொல்லியது.

இந்தச் சந்தைத் தொகையைத்தான் நம் இமாம்கள் உஜ்ரத்துல் மிஸ்ல் என்றார்கள். அதுபோன்ற இடத்துக்கு அந்நாளில் கிடைக்கும் வாடகை. கடற்கரை ஊர்களில் நம் மக்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபினர். உள்நாட்டில் ஹனபீ மத்ஹபினர். அபகரித்தவர் அனுபவித்த காலத்துக்கு இந்த வாடகையைத் தந்தே ஆக வேண்டும் என்பது ஷாபிஈ சட்டம். பயனுக்கு ஈடில்லை என்பது ஹனபீ மத்ஹபின் ஆதி விதி. இதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கலாம் என்று யாரும் மகிழ வேண்டாம். பிற்கால ஹனபீ அறிஞர்கள் மூன்று சொத்துகளுக்கு விலக்குச் சொல்லி ஈட்டை விதித்துவிட்டார்கள்: வக்பு, எத்தீமின் சொத்து, வாடகைக்கென்றே வைத்திருக்கும் சொத்து. கடை என்பது மூன்றாவது வகை. தந்தையை இழந்த சிறு பிள்ளைகளுக்கு அதில் பங்கிருந்தால் இரண்டாவது வகையும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிவாசல் கடையாக இருந்தால் முதல் வகை.

பள்ளிவாசல் கடைகளைப் பற்றிப் பேசாமல் போக முடியவில்லை. பாட்டனார் காலத்தில் பள்ளிக் கடையை எடுத்தவர்; இன்று பேரன் நடத்துகிறார். வாடகை மட்டும் பாட்டனார் காலத்து வாடகை. அதிலும் சிலர் தாம் நடத்தாமல், பள்ளிக்கு முந்நூறு ரூபாய் கட்டிவிட்டு ஒன்பதாயிரத்துக்கு உள்வாடகை விட்டிருக்கிறார்கள். பள்ளி இமாமுக்குச் சம்பளம் கொடுக்க வெள்ளிதோறும் துண்டு விரிக்கிறார்கள். அந்தத் துண்டில் பத்து ரூபாய் போடுபவர்களில் இவரும் ஒருவர்! வாடகைக்கு எடுத்ததை மறுபடி வாடகைக்கு விடுவதை மத்ஹபுகள் அனுமதிக்கின்றன என்று சிலர் வாதிப்பார்கள். உண்மைதான். ஆனால் தாம் எதையும் கட்டிச் சேர்க்காமல் வாங்கும் உபரி நல்ல வருமானமாகாது, அதை ஸதகாவாகக் கொடுத்துவிட வேண்டும் என்று ஹனபீ நூல்கள் சொல்வதை அவர்கள் படிப்பதில்லை. உள்வாடகை கூடாது என்று பத்திரத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. முஸ்லிம்கள் தம் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது ஹதீஸ். வலுக்கட்டாயமின்றித் தானாக விதித்துக்கொண்ட நிபந்தனை ஒருவரைக் கட்டும் என்று காழி ஷுரைஹு (ரஹ்) ஒரு வாகன வாடகை வழக்கில் தீர்ப்பளித்ததை இமாம் புகாரி எடுத்தெழுதியிருக்கிறார்கள். வக்புச் சட்டம் 1995இல் வந்தது. வக்புச் சொத்துக் குத்தகை விதிகள் 2014இல் வந்தன. இவற்றுக்கு நூற்றாண்டுகள் முன்பே, வக்பு வீட்டையும் கடையையும் ஓராண்டுக்கு மேல் ஒருவருக்கு வாடகை பேசலாகாது என்று ஹனபீ முப்திகள் பத்வா கொடுத்திருந்தார்கள். நீண்ட நாள் இருந்தவர் தமக்கே சொந்தம் என்று வாதாடத் தொடங்கிவிடுவார் என்பதே அவர்கள் சொன்ன காரணம். நம் ஊர் நிலவரத்தை நேரில் பார்த்து எழுதியவர்கள் போல இருக்கிறது.

கட்டடத்துக்காரர்கள் இதுவரை படித்துத் தலையசைத்திருப்பார்கள். அவர்கள் பக்கமும் வருவோம்.

வாடகைதாரர் நோன்பு மாதத்து வியாபாரத்துக்குக் கடன் வாங்கிச் சரக்கு இறக்கியிருக்கிறார். பெருநாளைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கட்டடத்துக்காரர் இரவோடிரவாகத் தம் பூட்டைப் போட்டுவிடுகிறார். அல்லது மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார். அவருக்குத் தரப்பட வேண்டிய வாடகை பாக்கி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு யாருடையது? தம் ஹக்கை வசூலிக்கப் போனவர், பூட்டிய அந்த நிமிடத்தில் பிறர் பொருளை அடைத்து வைத்தவராகிவிட்டார். சரக்கு கெட்டால் ஈடு அவர்மீது. பூட்டி வைத்திருந்த நாட்களுக்கு வாடகை கேட்கவும் அவருக்கு வாயில்லை. பயனைத் தாமே தடுத்துவிட்டு அதற்கு விலை எப்படிக் கேட்பது? தாமும் தீங்கு செய்யாதே, தீங்குக்குத் தீங்கும் செய்யாதே என்ற கருத்துள்ள நபிமொழியிலிருந்து பெரும் சட்டப் பகுதியே கிளைத்திருக்கிறது. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. அனுபவத்தில் இருப்பவரை, அவர் உரிமையற்றவராகவே இருந்தாலும், சட்டத்தின் வழியன்றி வெளியேற்றக் கூடாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தனியாகவே தடுத்திருக்கிறது.

கூரை ஒழுகுகிற கடையைக் கொடுத்துவிட்டு முழு வாடகை கேட்பது இன்னொன்று. பழுது பார்க்கும்படி உடையவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது பொதுவான சட்டம்; ஆனால் பழுதால் பயன் குறைந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வாடகைதாரருக்கு வந்துவிடுகிறது. முதல் போட்டு நொடித்துப் போன வியாபாரி தவணைக்கு முன்பே கடையை விட்டுவிடலாமா? சந்தையில் கடை எடுத்து, பின்பு முதலை இழந்தவரைப் பிக்ஹு நூல்களே உதாரணமாகக் காட்டி, அது தக்க காரணம்தான், ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்கிறது ஹனபீ மத்ஹபு. ஷாபிஈ மத்ஹபில் அதற்கு இடமில்லை. அங்கும் கஷ்டப்படுகிறவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் அல்பகரா 280ஆம் ஆயத்து இருக்கவே செய்கிறது. 2020இல் கொரோனா ஊரடங்கில் கடைவீதி முழுதும் மூடிக் கிடந்தபோது சட்டத்தைப் புரட்டாமலே பாதி வாடகையை விட்டுக்கொடுத்தவர்களை நாம் அறிவோம். வசதியிருந்தும் இழுத்தடிப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் செய்வது அநியாயம் என்று ஹதீஸிலேயே வந்திருக்கிறது.

சேதத்தைப் பற்றிய சண்டையும் நிறைய. வாடகைதாரர் அமீன் என்றோம். வரம்பு மீறாமலும் கவனக்குறைவில்லாமலும் இருக்கையில் நேர்ந்த சேதத்துக்கு அவர் பொறுப்பல்லர். பத்தாண்டில் சுண்ணாம்பு உதிர்ந்ததற்கும் தரை தேய்ந்ததற்கும் அட்வான்ஸில் பிடித்தம் செய்வது கூடாது. ஆனால் வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அதில் கொல்லுலையும் மாவு அரைக்கும் கல்லும் வைக்கக் கூடாது, கட்டடம் ஆட்டங்கண்டுவிடும் என்று ஹிதாயா முதலிய நூல்கள் சொல்கின்றன. ஜவுளிக்கடை என்று சொல்லி எடுத்து, ஹோட்டல் அடுப்பும் வெல்டிங் பட்டறையும் வைத்து, பக்கத்துச் சுவர் வெடித்தால் அது யார் பொறுப்பு என்பதை இதிலிருந்தே அறியலாம்.

அட்வான்ஸைப் பற்றி ஒரு சொல். அதைக் கட்டடத்துக்காரர் செலவு செய்துகொள்வதால் அது அவர்மீது கடன். அட்வான்ஸை ஏற்றி அதற்காக வாடகையைக் குறைப்பதும், ஒத்தி என்று மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பதும் கடனால் பெறும் ஆதாயம். வட்டியின் வாசல் அது.

பகடி விஷயத்தில் 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி விரிவாக ஆராய்ந்து முடிவு சொல்லியிருக்கிறது. ஆரம்பத்தில் கட்டடத்துக்காரர் வாங்கும் மொத்தத் தொகையை வாடகையின் ஒரு பகுதியாகக் கொள்ளலாம். தவணை மீதமிருக்கையில் வாடகைதாரர் தம் உரிமையை விட்டுக்கொடுக்கத் தொகை பெறலாம். தவணை முடிந்துவிட்டால் பெறக் கூடாது. விற்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. "பத்து லட்சம் கொடுத்தால் சாவி தருகிறேன்" என்று விதவையிடம் பேரம் பேசுகிறவர் எந்தப் பொருளை விற்கிறார்?

அந்த மகனுக்குச் சொன்ன பதில் இதுதான். அபகரித்த இடத்தில் தொழுத தொழுகை ஹனபீ, ஷாபிஈ மத்ஹபுகளின்படி நிறைவேறிவிடும்; கழாச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பாவம் உண்டு. கூலி கிடைக்காது என்றே ஷாபிஈ அறிஞர் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஹன்பலீ மத்ஹபின் பிரபலமான கருத்தில் அந்தத் தொழுகையே செல்லாது. "அத்தாவிடம் தொழுகையிலிருந்து ஆரம்பியுங்கள், வழக்கிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்" என்றோம்.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார், கையில் ஒரு பழைய பேரேட்டோடு. தந்தை மூன்று நாள் பேசவில்லையாம். நாலாம் நாள் சுபுஹுக்குப் பிறகு, "கணக்குப் போட்டுப் பார்" என்று மட்டும் சொன்னாராம். உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஒவ்வோர் ஆண்டும் அந்த வீதியில் அதுபோன்ற கடைக்கு என்ன வாடகை, இவர்கள் கொடுத்தது என்ன, வித்தியாசம் என்ன. முதல் இரண்டு ஆண்டு பாக்கி மவுத்தானவருக்குச் சேர வேண்டியது. அது இப்போது வாரிசுகளுக்கு. மற்ற ஒன்பது ஆண்டு பாக்கி நேரே வாரிசுகளுக்கு. விதவைக்கு எட்டில் ஒன்று. மீதி பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. அந்த அம்மையார் தம் பங்கை மன்னிக்கலாம். வயது வந்த மகனும் மகளும் தத்தம் பங்கை மன்னிக்கலாம். கடைசிப் பையன் தந்தை இறந்தபோது இரண்டு வயதுக் குழந்தை, இன்னும் பாலிகாகவில்லை. அவன் பங்கில் ஒரு ரூபாயைக்கூடத் தாயோ அண்ணனோ மன்னிக்க முடியாது. அதை அவன் பெயரில் பாங்கில் போட்டு ரசீது வாங்குங்கள் என்றோம்.

"சாவியை எப்போது கொடுப்பது?" என்று கேட்டார். சரக்கு மாற்ற ஆறு மாதம் வேண்டுமென்றால் அந்த அம்மையாரிடம் கேளுங்கள். இன்றைய வாடகைக்குச் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் அன்றிலிருந்து அது புதிய இஜாரா. அது வரை லுஹரைப் பின்னறையில் தொழ வேண்டாமென்று அத்தாவிடம் சொல்லுங்கள் என்றோம். பள்ளிவாசல் அந்தக் கடையிலிருந்து நாலு கடை தள்ளித்தான் இருக்கிறது.